கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாய்

எனக்கு வடிவாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்போது மறதியும் கூடிவிட்டது. முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் என் கணவரும் சுவிஸில், நொஷாட்டலில் இருந்தோம். எனக்கு இருபத்தெட்டு வயதிருக்கும், பிள்ளை இல்லை. எங்கள் கோயிலுக்கு வரும் ஒரு தாய் கடும் வருத்தமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுக்கு இந்த நாட்டில் வேறு ஒருவரும் இல்லை. அவளுடைய ஐந்து வயது மகளைப் பிள்ளைகள் இல்லமொன்றில் விட்டிருந்தார்கள். அங்கே தமிழ் கதைக்க ஓர் ஆள் கிடையாது. தாய் எழும்பும்வரை நாங்கள் வைத்திருக்கிறோம் என்று கேட்டோம். அதற்கு முதலில் வகுப்புக்குப் போகவேண்டுமாம்.

“பிள்ளை வளக்கவும் வகுப்போ? இரவல் பிள்ளைக்கு இவ்வளவு எடுப்போ?” என்று இவருடைய தங்கை, என் மச்சாள், சிரித்தாள்.  ஆனாலும் நான் வகுப்பை விடவில்லை.

பிள்ளைக்குத் தனி அறை, தனிக் கட்டில் வேண்டும், தனியே படுக்கப் பழக்கவேண்டும் என்று வகுப்பில் சொன்னதை இவர் என் காதுக்குள் தமிழில் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. மன்னாரில் நான் சின்னவளாக இருந்தபோது, அம்மா ஆஸ்பத்திரியில் இருக்க, என்னைச் சொந்தக்கார வீடொன்றில் விட்டார்கள். நல்ல கட்டில் தந்தார்கள். பக்கத்தில்தான் ஒருவரும் படுக்கவில்லை.

கடைசியில் பிள்ளைகள் காரியம் பார்க்கும் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா எங்கள் வீடு பார்க்க வந்தார். “தனியப் படுப்பாள் எண்டு மட்டும் சொல்லும், மிச்சத்தை நான் பாக்கிறன்” என்று இவர் முதல்நாளே சொல்லியிருந்தார். அதிகாரி மெத்தையை அமத்திப் பார்த்தார். பிறகு, பிள்ளை தனியே படுப்பாளா என்று என்னைத்தான் கேட்டார்.

“தனியப் படுக்க விடமாட்டன். பக்கத்தில நான் படுப்பன்” என்றேன்.

இவர் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அதிகாரி சந்தோஷமாகத் தலையாட்டினார். இவர் மாற்றிச் சொல்லிவிட்டார் என்று அந்தத் தலையாட்டலிலேயே விளங்கிவிட்டது. நான் அலுமாரிக்குப் பின்னால் இருந்த பாயை எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்தேன். நல்ல சேலையோடு அவர் முன்னாலேயே படுத்தேன்.  கையை நீட்டிக் கட்டில் விளிம்பைப் பிடித்துக் காட்டினேன்.

இவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். அதிகாரி மெதுவாக ஏதோ கேட்டார்.

“எவ்வளவு காலத்துக்கு எண்டு கேக்கிறா.”

“அவள் என்னைப் போ எண்டு சொல்லுமட்டும். இதையாவது உள்ளபடி சொல்லுங்கோ.”

சொன்னார்.  அதிகாரி குனிந்து, நான் எழும்பக் கை தந்தார்.

சில கிழமையில் பிள்ளை வந்தாள். பொம்மையோடு முதலில் ஓடி வந்தது மச்சாள்தான்.

பனி கரையத் தொடங்கிய ஒரு பின்னேரம், பிள்ளை பாயைச் சுருட்டிக் கதவுக்கு வெளியே சாத்தி வைத்தாள். “சித்தி, நீங்க இனி உங்கட அறையில படுங்கோ.” என் முகம் விழுந்துவிட்டது. “நீர்தானே சொன்னனீர்” என்று இவர் சிரித்தார். சொன்னேன்தான். அப்படி ஒரு நாள் மெய்யாகவே வரும் என்றோ, அது வரத்தான் நான் பாய் விரித்தேன் என்றோ அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. ஆனால் படுத்தது பிழையென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

பாய் சிவப்போ பச்சையோ, மறந்துபோனேன். அவள் இப்போது தாயோடு ஜெனீவாவில் இருக்கிறாள். யாராவது இதை அவளிடம் காட்டி, பிழை இருந்தால் திருத்திவிடுங்கள்.