பட்டு மாதிரி பூசிய உத்தரம்

நான் பூசிய சுவரைப் பார்த்துத் தலை வாரலாம் என்று ஊரில் சொல்வார்கள். சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் நான்தான்.

அந்தப் பெருமையோடுதான் ஒரு பட்டுக்கடையின் மாடிக் கிடங்கில், இரும்பு உத்தரங்களுக்குத் தீ தாங்கும் கலவை பூசப் போனேன். சுற்றிலும் கூரை முட்டப் புடவைக் கட்டுகள். உத்தரங்களுக்குக் கீழே பாய் விரித்துப் பெண்கள் புடவை மடிப்பார்கள். அவர்களில் ஒருத்தி என் மனைவி.

கலவை மூட்டை பொரி மூட்டை போல லேசாக இருந்தது. கொண்டுவந்த கம்பெனி ஆள் தெளிவாகத்தான் சொன்னார்.

“மேஸ்திரி, சிமெண்ட் சேக்காதீங்க, கரண்டி போட்டு அமுக்காதீங்க. உள்ள காத்து நிக்கணும், அதான் சூட்டைத் தடுக்கும். சொரசொரன்னே உட்டுடுங்க.”

முதல் உத்தரம் வேர்க்குரு வந்த முதுகாகத் தெரிந்தது. மனைவி அண்ணாந்து பார்த்தாள்.

“இன்னாய்யா, தலை வாரணும், கண்ணாடி எங்க?”

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். மினுங்காத எதையும் மதிக்காத ஊர் இது. மறுநாள் கலவையில் சிமெண்ட்டைக் கொட்டினேன். இரும்புக் கரண்டியால் அழுத்தி அழுத்தி இழைத்தேன். கடை முதலாளி தடவிப் பார்த்து, “பட்டு மாதிரி இருக்குதுபா” என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

வேலை முடிந்தபின் கம்பெனி ஆள் வந்து ஆணியால் குத்தினார். இறங்கவில்லை.

“காத்தையெல்லாம் புழிஞ்சிட்டீங்களே! தீப்புடிச்சா இது வெடிச்சிக் கொட்டும். இரும்பு வளைஞ்சிடும்.”

முதலாளியிடம் ஓடினேன். “நானே செதுக்கிட்டு மறுபடி பூசறேன், கூலி வேணாம்” என்றேன்.

“முகூர்த்த நேரத்துல கிடங்கைத் தூசியாக்கவா? கம்பெனிக்காரன் இன்னும் நாலு மூட்டை விக்கப் பாக்கறான். அழகா இருக்குது, உடுபா.”

மூன்றாம் முறை போனபோது காவலாளி படியிலேயே நிறுத்திவிட்டார்.

மனைவியிடம் சொன்னேன். இந்தமுறை அவள் சிரிக்கவில்லை.

“நீ கதவாண்ட உக்காரும்மா” என்றேன்.

“நான் எழுந்தா அந்த எடத்துல வேற ஒருத்தி உக்காரணும். யாரை உக்கார வெக்கட்டும், நீயே சொல்லு.”



இப்போதெல்லாம் மாலையில் கடை வாசலில் வண்டியோடு நிற்கிறேன். மனைவி வந்து பின்னால் உட்கார்ந்தாலும் கிளப்புவதில்லை. கடைசிப் பெண் படியிறங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். மறுநாள் காலையில் அதே படியில் நானே மனைவியை இறக்கிவிடுகிறேன்.