தறிக்குத் திரும்பிய உடம்பு

சேலையின் உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் நெய்து இணைப்பதைக் கோர்வை என்போம். அதற்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். என் வீட்டுக்காரர் நெய்வார். நான் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, கரைக்கான நாடாவை (ஊடை நூலைக் கொண்டுபோகும் கட்டை) தள்ளுவேன். ஒரு நாள் மதியம் அப்படி முன்னால் சாய்ந்தபோதுதான், அடிவயிற்றுக்குக் கீழே ஏதோ நழுவி வந்து நின்றது போலிருந்தது.

மறைவாகப் போய்ப் பார்த்தேன். கைக்கு ஒரு சதை தட்டுப்பட்டது. படுத்தால் உள்ளே போய்விடும். குடம் தூக்கினாலோ தும்மினாலோ திரும்ப வந்துவிடும். இது இருக்கிறவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. யாரிடமும் சொல்லாமல் இருந்தது ஏன் என்றும் விளக்க வேண்டியதில்லை.

நான் எனக்கே செய்துகொண்ட வைத்தியத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் செய்யக் கூடாது என்பதற்காக. பட்டுக்குத் தீட்டு ஒட்டாது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் உள்ள எண்ணம். துவைக்காமலே கட்டிக்கொண்டு சாமி கும்பிடலாம். அவ்வளவு சுத்தமான பொருள் உடம்புக்குள் இருந்தால் என்ன கெடுதல் வந்துவிடும் என்று நினைத்தேன். தறியில் மிஞ்சிய பட்டு நூல் துண்டுகளை உருண்டையாகச் சுருட்டி உள்ளே வைத்து, மேலே துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். நன்றாகத்தான் தாங்கியது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கொஞ்ச காலத்தில் நாற்றமும் இரத்தக்கசிவும் கண்டன. அப்புறம்தான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நாடாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இத்தினி நாளு ஏம்மா சொல்லல? பக்கத்துலதான குந்திக்கினு இருந்தேன்?”

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழுதுவிட்டேன்.

மெட்ராஸில் பெண்களுக்கான ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். என்னைப் பார்த்த டாக்டரம்மா தலை நரைத்தவர், மெதுவாகப் பேசுகிறவர். எனக்கு வந்திருப்பது கருப்பை இறக்கம் (கருப்பையைத் தாங்கும் தசையும் நாரும் தளர்ந்து அது கீழே இறங்குவது) என்றார். பிள்ளை பெற்ற உடம்பு தேறுவதற்குள் கனம் தூக்கும் பெண்களுக்கு இது நிறைய வருகிறதாம். நான் மூன்று பிள்ளைகளுக்கும் தீட்டுக் கழிந்த கையோடு தண்ணீர்க்குடத்தைத் தூக்கியவள்.

“உள்ள என்னம்மா வச்ச?” என்று கேட்டார்.

“பட்டு, டாக்டரம்மா.”

“பட்டா?”

“சுத்தமான பட்டு” என்றேன், அவர் சந்தேகப்படுகிறாரோ என்று.

பக்கத்தில் நின்ற நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “எந்த ஊருன்னு உன்னைக் கேக்கவே வேணாம்” என்றார். பிறகு, “பட்டா இருந்தாலும் சதைக்கு அது வெளிப்பொருள்தான். உரசி உரசிப் புண்ணாயிருக்கு. இது ஆறாம கத்தி வைக்க முடியாது” என்றார்.

அதனால் சில வாரம் வார்டிலேயே படுத்திருந்தேன். தினமும் மருந்தில் நனைத்த துணிப்பட்டையை உள்ளே வைத்துக் கட்டுவார்கள். எரியும். ஆனால் கல்யாணமானதிலிருந்து அவ்வளவு நாள் நான் சும்மா படுத்ததே இல்லை. அதுவும் ஒரு சுகமாகத்தான் இருந்தது.

அங்கேதான் டாக்டரம்மா தம் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். இந்த நோய்க்கு இரண்டு வகையாக ஆபரேஷன் செய்கிறார்கள். ஒன்றில் கருப்பையைக் கீழ்வழியாகவே எடுத்துவிடுவார்கள். மற்றதில் அதை எடுக்காமல், நீண்டு தொங்கும் கருப்பைக் கழுத்தை (கருப்பையின் வாய்ப்பகுதி) குறைத்து, தளர்ந்த நார்களை இழுத்துச் சேர்த்துத் தைப்பார்கள். எது யாருக்கு நீடித்து நிற்கிறது, எதில் மறுபடி இறங்குகிறது என்று பார்க்க, ஆபரேஷன் ஆனவர்களை வருஷா வருஷம் வரவழைத்துச் சோதிக்கிறார். எனக்கு இரண்டாவது வகை பொருந்தும் என்றார். சரி என்றேன். எனக்கு இருந்தது ஒரே கேள்வி.

“மறுபடி தறியில குந்தலாமா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “தெரியலை. இதுவரைக்கும் நெசவுக்காரங்க யாரும் எங்கிட்ட ஆபரேஷன் பண்ணிக்கலை. அதை நீதான் எனக்கு வந்து சொல்லணும்.”

தெரியாததைத் தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி அன்றுதான் கேட்டேன். அதனாலேயே அவரை நம்பினேன்.

ஆபரேஷன் முடிந்து சிறுநீர்க் குழாயை எடுத்த அன்று, நானாகப் போக முடிந்ததும் வார்டுக்கே கேட்கும்படி ‘முருகா’ என்றேன். ஆபரேஷனுக்குப் போகிற உங்களுக்கும் அந்த நாள் வரும், வெட்கப்பட வேண்டாம்.

வீட்டுக்கு வந்தும் வெகு நாள் குனியக் கூடாது, தூக்கக் கூடாது. என் இடத்தில் நாத்தனார் உட்கார்ந்தாள். அவள் நாடா தள்ளும் சத்தம் உள்ளறை வரை கேட்கும். நம் வேலையைத்தானே செய்கிறாள் என்று நன்றியோடு இருக்க வேண்டியவள், பொறாமையில் புரண்டு புரண்டு படுத்தேன். டாக்டரம்மா அனுமதித்த பிறகு தறியில் போய் உட்கார்ந்தேன். முதல் சேலையின் கரை கொஞ்சம் கோணிக்கொண்டது. வீட்டுக்காரர் அதைப் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தார்.

மாதங்கள் போனதும், சாயங்காலங்களில் அடிவயிற்றில் ஒரு கனம் தெரிய ஆரம்பித்தது. அதைச் சொன்னால் டாக்டரம்மா தறியை விட்டுவிடு என்பாரே என்று பயந்தேன். வருஷச் சோதனைக்குப் போனபோது, நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிடுவதாகவே முடிவு செய்திருந்தேன்.

வராந்தாவில் எனக்கு முன்னால் திருப்புட்குழியிலிருந்து வந்த முனியம்மா என்பவள் உட்கார்ந்திருந்தாள். வயல் வேலை செய்கிறவள். அவளும் என்னைப் போல இரண்டாவது வகை ஆபரேஷன் செய்துகொண்டு ஆராய்ச்சியில் சேர்ந்தவள்தான். நடவுக்குப் போனதிலிருந்து மறுபடி இறங்கிவிட்டது என்று என் காதோடு சொன்னாள். உள்ளே போய் உடனே திரும்பினாள்.

“சொன்னியா?”

“நல்லாயிருக்குதுன்னு சொல்லிட்டேன். சோதிக்கவும் வாணாம்னுட்டேன். கை வச்ச மகராசி, மனசு நோவக் கூடாதில்ல?”

எனக்குச் சுரீர் என்றது. இப்படி எல்லோரும் நல்லாயிருக்குது என்று சொல்லிப் போனால், தறியில் உட்காரலாமா என்று இனிமேல் கேட்கப்போகிறவளுக்கு அவர் எதை வைத்துப் பதில் சொல்வார்? என்னை நம்பியல்லவா கேட்டிருந்தார்.

உள்ளே போய்க் கனத்தைச் சொன்னேன். அவர் நிதானமாகச் சோதித்தார்.

“தையல் அப்படியே நிக்குதும்மா. இறங்கலை. ரொம்ப நேரம் குனிஞ்சு உட்கார்றதால தசை சோர்ந்துபோகுது. தறியை விட வேணாம். கனம் தெரிஞ்ச உடனே எழுந்து போய்ப் படுத்துக்கணும், வேலையை முடிச்சிட்டு இல்லை.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வெளியே வந்து முனியம்மாவிடம் சொன்னேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி கதவருகே போனாள்.

“டாக்டரம்மா, நான் ஒன்னு மாத்திச் சொல்லிட்டேன்” என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு அவளுக்குக் கருப்பையை எடுத்துவிடும் மற்ற வகை ஆபரேஷன் செய்தார்கள்.

முன்பெல்லாம் என் நாளைச் சேலைதான் நடத்தும். இவ்வளவு நெய்தால் சாப்பாடு, இவ்வளவு நெய்தால் தூக்கம். இப்போது கனம் தெரிந்ததும் நாடாவை வைத்துவிட்டுப் பாயில் படுக்கிறேன், கால்களைத் தலையணை மேல் தூக்கிவைத்து. தறியிலிருந்து சேலை இறங்க முன்பைவிட நாளாகிறது. கோர்வையில் என் நாடா வராமல் அவர் நாடா நகராது. அவர் தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டபடி காத்திருக்கிறார்.

“மெதுவா வாம்மா” என்கிறார்.

நான் மெதுவாகத்தான் போகிறேன்.