சாந்தாமணி அக்கா பிடுங்கித் தின்ற என் பாதி ரொட்டி

செக்கிங் மேசையில் பனியன்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. "ஜெபா ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள் சாந்தாமணி அக்காவின் மகள். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். அட ஆண்டவரே! முந்தின நாள் சாயங்காலம்கூட ஒரு காலர் தையலுக்காக என்னோடு சண்டை போட்டாரே!

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூலனூர்ப் பக்கம் தோட்டம் துரவுள்ள குடும்பத்தில் பிறந்து, ஊத்துக்குளியில் வாழ்க்கைப்பட்டவர். எங்கள் கம்பெனியில் சாம்பிள் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. நானோ தெற்கேயிருந்து பிழைக்க வந்தவள், வாயைத் திறந்தால் பட்டாசு. அவர் திட்டுவதற்கும் 'ங்க' போடுவார். "இது ஒரு தையலுங்களா? உங்களுக்கே நல்லாருக்குங்களா?" என்று கேட்டால் டெய்லர் தலை நிமிர மாட்டார்.

அவர் வீட்டுக்குப் போனால் எனக்குக் காப்பி உண்டு. ஆனால் அதற்கென்று ஜன்னலில் ஒரு டம்ளர் தனியாக இருக்கும். வைத்தவர் அவருடைய மாமியார். எனக்கு வயிறு எரியும். அக்காவின் முகத்துக்காகக் குடித்துவிட்டு வருவேன்.

ஒரு பெரிய ஆர்டர் நல்லபடியாக முடிந்தது. "வாங்க ஜெபா, ஆர்டர் குடுக்கற வெளிநாட்டு பையருங்க திங்கறத நாமளும் தின்னு பாக்கலாம்" என்று புதிதாய்த் திறந்த லெபனான் ஹோட்டலுக்கு அழைத்துப் போனார். மேசை நடுவே சின்னச் சின்னக் கிண்ணங்கள். எல்லோரும் ரொட்டியைப் பிய்த்து அதிலேயே தொட்டுத் தின்ன வேண்டுமாம். எனக்குக் கை நீளவில்லை. வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அட, நம்மூரு வெண்ணெய்ங்க!" என்று வெள்ளையாக இருந்த ஒன்றை வழித்து வாய் நிறையப் போட்டார் அக்கா. அது பச்சைப் பூண்டை அரைத்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட, என் கையிலிருந்த பாதி ரொட்டியைப் பிடுங்கித் தின்றுவிட்டார். "ஐயோ, எச்சில்க்கா அது!" என்று பதறினேன்.

"எச்சிலாவது ஒண்ணாவது! இந்தப் பூண்டுதானுங்க உசுர வாங்குது. நீங்களும் தொட்டுத் தின்னுங்க, நான் மட்டும் சாகோணுமா?" என்றார். சிரித்துச் சிரித்து இருவரும் எல்லாக் கிண்ணத்தையும் வழித்துத் தின்றோம்.

அடுத்த முறை போனபோது ஜன்னலில் டம்ளரைக் காணோம். "ஏ சாந்தா, அது எங்க?" என்றார் மாமியார். "மாட்டுக்குப் புண்ணாக்கு அள்ளறதுக்குப் போட்டுட்டனுங்க அத்தை" என்றபடி, தாம் குடிக்கும் டம்ளரிலேயே எனக்குக் காப்பி கொடுத்தார். அந்த வீட்டு மருமகள் அப்படிச் செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. பாட்டியம்மா அதன்பிறகு என்னோடு பேசவே இல்லை.

நேற்று அந்த வீட்டில், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாத வாயோடு பாட்டியம்மா சுருண்டு கிடந்தார். யார் சொல்லியும் கேட்கவில்லை. நான் காப்பியை நீட்டினேன். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ மொதல்ல குடி கண்ணு. மிச்சம் வெய்யி, நாங் குடிக்கறேன்."

பாதியைக் குடித்துக் கொடுத்தேன். வாய் வைத்துக் குடித்தார்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பார்கள். சொல்லாமல்தான் வந்தேன். இங்கே சொல்லிக்கொள்கிறேன். பாட்டியம்மா குடிச்சிட்டாங்கக்கா. நீங்க நிம்மதியாப் போங்க.