சித்தி பார்த்த ஞாயிற்றுக்கிழமைப் படம்

சித்தி அன்று கணவன் வீட்டுக்குத் திரும்பிப் போனது அவளாக எடுத்த முடிவா, நாங்கள் எடுத்த முடிவா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

டி.வி.யில் கதாநாயகியின் தாலிக்கு ஆபத்து வந்தால் போதும், வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வியர்வையும் மஞ்சளும் கலந்த வாசனை எழும். படம் பார்க்க வந்த தெருப் பெண்கள் எல்லோரும் தங்கள் தாலிச் சரட்டை வெளியே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். யாரையும் பார்த்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். "குடும்பப் படம்" என்றால் கணவன் என்ன கொடுமை செய்தாலும் மனைவி பொறுத்துப்போவாள், கடைசியில் அவன் திருந்துவான், கூடமே மூக்கைச் சிந்தும்.

நான் ஆறாவது படித்தபோது, அம்மாவின் தங்கையான சித்தி கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பையோடு வந்துவிட்டாள். சித்தப்பா அடிப்பார். "இனிமே அங்க போக மாட்டேன்" என்று வாசலிலேயே சொன்னாள். அந்த ஞாயிறும் படம் ஓடியது. விளம்பர இடைவேளையில் அம்மா, "பாத்தியாடி, எவ்ளோ பொறுமைனு" என்றாள்.

"படத்துல மூணு மணி நேரத்துல திருந்திடறான்க்கா. என் வூட்ல ஏழு வருஷமா இன்டர்வெல்லே வுடல."

எல்லோரும் சிரித்தார்கள். "இந்த வாய்க்குத்தான் அவரு அடிக்கறாரு" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அதற்கும் சிரித்தார்கள். படம் தொடர்ந்தது, கணவன் சாகக் கிடந்தான், மனைவி கோயிலுக்கு ஓடினாள். கூடத்தில் எல்லாக் கைகளும் கழுத்துக்குப் போயின, சித்தியின் கையும் போனது. அதை அம்மா பார்த்துவிட்டாள்.

"வாய்தான் வேணாங்குது. மனசு அங்கதான் இருக்குது" என்று அப்பாவிடம் சொன்னாள். அந்த வாரமே அப்பா சித்தியை பஸ்ஸில் கூட்டிப்போய் விட்டுவந்தார். சித்தி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் என்னை இன்னும் குழப்புகிறது.

இப்போது அந்தக் கூட்டம் இல்லை, ஆளுக்கொரு போன். சித்தப்பாவுக்கு வயதாகி, கை ஓங்குவது நின்றுவிட்டது. "பாரு, குடும்பம் நின்னுச்சா இல்லியா" என்கிறாள் அம்மா. அது தவறு என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் படம் பார்க்கும்போது சித்தி இப்போது எதுவுமே பேசுவதில்லை.

என் மகளுக்கு ஐந்து வயது. மாமியார் போனில் பார்க்கும் அதே மாதிரிப் படங்களை அவர் மடியில் உட்கார்ந்து அவளும் பார்க்கிறாள். போன வாரம், தோளில் துண்டு போட்ட பக்கத்து வீட்டுச் சிறுமி கணவனாகவும் இவள் மனைவியாகவும் விளையாடினார்கள். அவள் பொய்யாக ஓர் அறை விட, இவள் தரையில் சரிந்து, "நீங்க அடிச்சாலும் இதாங்க என் வூடு" என்றாள்.

"எங்க கண்ணு, இன்னொரு வாட்டி சொல்லு" என்று மாமியார் போனில் பதிவு செய்தார். என் கணவரும் சிரித்தார். என்மீது ஒருநாளும் கை ஓங்காதவர். பட்டம் படித்த நான் செய்ததெல்லாம், மகளைத் தூக்கி நிறுத்தி உடையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டதுதான். பிறகு தனியாகக் கூப்பிட்டு, "அப்படிச் சொல்லக் கூடாதுடா" என்றேன். "பாட்டி நல்லா இருக்குன்னாங்களே" என்றாள்.

வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இப்போது அதைச் சொல்லிக்காட்டுகிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள். மாமியார் மனம் நோகாமல், அடிக்கிற வீட்டில் இருக்க வேண்டியதில்லை என்பதை ஐந்து வயதுக் குழந்தைக்கு எந்தச் சொற்களில் சொல்வது? உங்களில் யாராவது சொல்லியிருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.