டோரீனிடம் கொடுத்து வைத்த பாஸ்போர்ட்

போன வாரம் ஷார்ஜாவில் என் ஆபீசுக்கு ஒரு வெல்டர் வந்தார். பரமக்குடிப் பக்கத்து ஆள், நாற்பது வயது இருக்கும். எங்கள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் நாள். சட்டைக்குள் கையை விட்டு பாஸ்போர்ட்டை எடுத்து என் மேஜையில் வைத்தார். அதில் சுற்றியிருந்த ரப்பர் பேண்ட் வெயிலில் உருகி அட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எதுக்கு இது?"

"நீங்களே வச்சுக்கங்க சார். ரூம்ல எட்டுப் பேரு. பயமா இருக்கு."

"பயமா இருந்தா பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்குங்க. என்கிட்ட எதுக்குத் தர்றீங்க? நான் யாரு உங்களுக்கு?"

மனுஷன் மிரண்டுவிட்டார். போன கம்பெனியில் பதினோரு வருஷம் அப்படித்தான் கொடுத்து வைத்திருந்தாராம். நான் கத்தியிருக்கக் கூடாது. இருபது வயதில் இதைவிடப் பெரிய முட்டாள்தனம் செய்தவன் நான். அதுவும் கனடாவில்.

உருகிய ரப்பர் வாடை என்றால் எனக்கு மந்தூப்பின் அலமாரிதான். நான் பிறந்தது குவைத்தில், ஃபஹாஹீலில். அப்பா கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். எண்ணெய்க் கம்பெனிகளுக்குக் குழாய் போட்டுக் கொடுக்கும் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் ஃபோர்மேன். விசா, இகாமா, கைரேகை என்று கம்பெனிக்கு அரசாங்கத்தில் ஆக வேண்டிய வேலைகளைப் பார்க்கிற ஆளுக்குப் பெயர் மந்தூப். அவருடைய இரும்பு அலமாரியில் ஐநூறு பேரின் பாஸ்போர்ட்டுகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அப்பாவுடையது, அம்மாவுடையது, என்னுடையது மூன்றும் ஒரே ரப்பர் பேண்டில். லீவுக்கு ஊருக்குப் போவதென்றால் டிக்கெட் நகலோடு இரண்டு வாரத்துக்கு முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். போகிற அன்று மதியம் பாஸ்போர்ட் வரும். திரும்பி வந்த மறுநாள் அப்பா அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார், யாரும் கேட்காமலே.

அதனால் பாஸ்போர்ட் என்பது வீட்டில் இருக்கிற சாமான் என்று எனக்கு இருபது வயது வரை தெரியாது. கரண்ட் மாதிரி அது வேறு எங்கோ இருக்கும், வேண்டும்போது வரும்.

மூன்றாம் வருஷம் இன்ஜினியரிங் படிக்கும்போது குவைத்தில் எங்கள் கல்லூரி என்னைப் பரிமாற்ற மாணவனாக எட்டு மாதத்துக்குக் கனடாவுக்கு அனுப்பியது. என் மார்க்கைப் பார்த்து அனுப்பினார்கள் என்றுதான் அம்மா மாடி முழுவதும் சொன்னாள். உண்மையில் அந்த வருஷம் மொத்தம் இரண்டு பேர்தான் விண்ணப்பித்தோம். இன்னொருவன் குளிருக்குப் பயந்து பின்வாங்கிவிட்டான்.

அது பெரிய ஊரும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. ஒரு பல்கலைக்கழகம், ஒரு ஆறு, இரண்டு மால், ஞாயிற்றுக்கிழமை மணிக்கு ஒரு பஸ். செப்டம்பரில் மாணவர்கள் வந்தால் ஊர் நிரம்பும். ஏப்ரலில் பரீட்சை முடிந்தால் காலி. எனக்கு அது ஃபஹாஹீல் மாதிரியே பட்டது. அங்கேயும் ஜூனில் பள்ளிக்கூடம் மூடினால் பாதி ஊர் விமானம் ஏறிவிடும். யாரும் தங்குவதற்காக வராத ஊர்கள் உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் இருக்கும்போல.

ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் எனக்கு அறை. வீட்டுக்கார அம்மாள் பெயர் டோரீன். எழுபதை நெருங்கியவர், தனியாள், முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் நுழைந்தால் நாய் வாடையும், வெங்காய சூப் வாடையும், துணி உலர்த்தும் மெஷினிலிருந்து வருகிற சூட்டு வாடையும் சேர்ந்து அடிக்கும். இன்றைக்கும் லாண்டரிக் கடை வாசலில் அந்த மூன்றாவது வாடை வந்தால் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன்.

வந்த முதல் நாள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் ஆபீசில் பாஸ்போர்ட்டை நீட்டினேன். அங்கிருந்த பெண் நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். நான் வாங்காமல் நின்றேன். "இன்னும் ஏதாவது வேண்டுமா?" என்றாள். வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டேன். அந்தப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தபோது, அடுத்தவன் வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

சாயங்காலம் அதை டோரீனிடம் கொடுத்தேன்.

"இது எதற்கு எனக்கு?" என்றார். இங்கிலீஷில்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.

"நீங்கள்தானே இங்கே எனக்குப் பொறுப்பு?"

"நான் உன் வீட்டுக்காரி. நீ வாடகை தருகிறாய், நான் ஹீட்டர் போடுகிறேன். அவ்வளவுதான் நமக்குள் பேச்சு."

மூன்று நாள் விடாமல் கேட்டேன். கடைசியில் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, "சரி, அந்த மேஜையில் வை, பத்திரமாக வைக்கிறேன். ஆளை விடு" என்றார். அதற்கப்புறம்தான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

மற்றபடி நன்றாகவே இருந்தேன். பேராசிரியர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார்கள். அது வாயில் வரவில்லை. எட்டு மாதமும் யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்தேன், எதிரே போய் நின்று இருமுவேன். அம்மா கொடுத்துவிட்ட மீன் ஊறுகாயை டோரீன் ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு, "இந்த ஜாம் கடிக்கிறது" என்றார். அப்புறம் வாரம் ஒரு தடவை அந்தக் கடிக்கிற ஜாம் இருக்கிறதா என்று கீழே வந்து கேட்பார். முதல் பனி விழுந்த அன்று செருப்போடு வெளியே ஓடி, வாசல்படியில் வழுக்கி விழுந்து, ஒரு வாரம் நிமிர்ந்து உட்கார முடியாமல் வகுப்பில் நின்றுகொண்டே பாடம் கேட்டேன். ஒருவரும் ஏன் நிற்கிறாய் என்று கேட்கவில்லை. அந்த ஊரில் எனக்குப் பிடித்ததே அதுதான். யாரும் எதையும் கேட்பதில்லை. அட்டையைக் காட்டு, அப்பா எந்தக் கம்பெனி, விசாவுக்குப் பொறுப்பான கஃபீல் யார், இகாமா எப்போது முடிகிறது, ஒன்றும் கிடையாது.

ஆனால் இகாமா என்ற ஒன்று இருந்தது. குவைத்தில் தங்குவதற்கான அனுமதி அது. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் செத்துப்போகும். நான் கிளம்பியது ஆகஸ்ட் கடைசியில். அதனால் நடுவில் ஒரு தடவை வந்துபோக வேண்டும் என்று முதலிலேயே பேச்சு. எனக்கு நவம்பரில் இருபத்தொன்று முடிந்தது. அந்த வயதுக்கு மேல் இகாமா ஒரு தடவை செத்தால் அப்பா பெயரில் திரும்ப எடுக்க முடியாது.

டிசம்பரில் அப்பா போன் செய்தார். "கிறிஸ்மஸுக்கு வந்து ஒரு மிதி மிதிச்சிட்டுப் போ மக்களே. அம்மை கேக்குக்கு திராச்ச ஊறப் போட்டாச்சு."

"பிராஜக்ட் இருக்குப்பா. பிப்ரவரில ஒரு வாரம் லீவு வரும். அப்ப வாறேன்."

பொய். பிராஜக்ட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பனி மூடிய வெள்ளைக் கிறிஸ்மஸ் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. அன்று மழை பெய்தது. அறையில் உட்கார்ந்து நூடுல்ஸ் தின்றேன். நல்லா வேணும்.

பிப்ரவரி லீவுக்கு டிக்கெட் போட்டாயிற்று. போனால் ஆறு மாதம் முடிய மூன்று நாள் மிச்சம் இருக்கும். பிறகு பழக்க தோஷம், டோரீனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மரியாதைக்குரிய அம்மையாருக்கு, விடுமுறையில் செல்ல இருப்பதால் என் பாஸ்போர்ட்டைத் தந்துதவும்படி கேட்டுக்கொள்கிறேன், டிக்கெட் நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. மேலே போய்ச் சமையலறையில் வைக்கப் போனபோதுதான் உறைத்தது, சமையலறை ஆறு வாரமாகக் காலி. புத்தாண்டு முடிந்ததும் அவர் நாயையும் ஏற்றிக்கொண்டு புளோரிடாவுக்குப் போயிருந்தார், வெயில் காய. அங்கே வயசானவர்கள் பலர் அப்படிப் போவார்கள். ஏப்ரலில்தான் திரும்புவார். நானேதான் அவருடைய பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தேன். அப்போதும் பாஸ்போர்ட்டைக் கேட்கத் தோன்றவில்லை. டிக்கெட் போடாமல் யாராவது பாஸ்போர்ட்டைக் கேட்பார்களா?

போன் செய்தேன்.

"அதுவா? பாங்க் லாக்கரில் இருக்கிறது" என்றார்.

"பாங்கிலா? யாரைக் கேட்டு அங்கே வைத்தீர்கள்?"

"நீதானே பத்திரமாக வைக்கச் சொன்னாய்?"

அவர் கையெழுத்தும் அவர் சாவியும் இல்லாமல் அந்தப் பெட்டியைத் திறக்க முடியாது. டிக்கெட்டுக்கு எட்டு நாள்தான் இருந்தது. நான் அந்த அம்மாளிடம் கத்தினேன். மூன்று நாள் காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் கொடுத்தது நான், கத்தியதும் நானே. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "போகாவிட்டால் என்ன ஆகும்?" என்றார்.

"எங்கள் வீட்டில் போய் இருக்க முடியாது."

"உன் அப்பா அம்மா இருக்கிற வீட்டிலா?"

"ஆமாம்."

"நீ பிறந்த ஊர் என்றாயே?"

"ஆமாம்."

"எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிட்டார்.

அப்பாவிடம் சொன்னேன்.

"லேய், ஊரு பேரு தெரியாத ஒரு வெள்ளக்காரி கையில பாஸ்போர்ட்ட என்னத்துக்குலே குடுத்த?"

"நீங்க மந்தூப் கையில குடுக்கல்லியா?"

"அது இங்கத்த சட்டம்."

"சட்டம் அப்படி இல்லப்பா. கம்பெனி வாங்கி வைக்கக் கூடாதுன்னுதான் சட்டம். நான் படிச்சுப் பாத்தேன்."

"தெரியும்."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? வந்த ரெண்டாம் வருஷமே தெரியும். கேட்டவன் ரெண்டு பேரு. ரெண்டு பேரும் அடுத்த பிளைட்ல ஊருக்குப் போனானுவ. நான் கேக்கல்ல. அதனாலதான் நீ அங்க இருக்க. செரி, இப்ப அந்த அம்மாகிட்ட நல்ல வார்த்த சொல்லிப் பாரு. கத்தாத."

ஏற்கனவே கத்திவிட்டேன் என்று சொல்லவில்லை.

நல்ல வார்த்தை சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, வாசலில் ஹார்ன் கேட்டது. டோரீன். மூக்கு தோல் உரிந்து சிவந்து, காலில் கடற்கரைச் செருப்பு, பின்சீட்டில் நாய். இரண்டு நாள் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "முப்பது வருஷம் நாற்பது பிள்ளைகளை ஏற்றி பஸ் ஓட்டினேன். ஒருத்தனையும் வீட்டில் சேர்க்காமல் விட்டதில்லை. ஏறு, நாலு மணிக்குப் பாங்க் மூடிவிடும்" என்றார்.

பாங்கில் பாஸ்போர்ட்டை என் கையில் வைத்து, "இனிமேல் இதை யாரிடமும் கொடுக்காதே. என்னிடமும்" என்றார். நான் இருமினேன். நன்றி என்று சொன்ன ஞாபகம் இல்லை.

குவைத் ஏர்போர்ட்டில் சீருடைக்காரன் இகாமா அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. முத்திரையைக் குத்தி "யல்லா, கலாஸ்" என்றான், முடிந்தது போ என்று. வெளியே அப்பாவும் அம்மாவும் நின்றார்கள். அம்மா என் காலைத்தான் முதலில் பார்த்தாள், மண்ணை மிதித்துவிட்டேனா என்று. ஐந்து நாள் வீட்டில் இருந்தேன். சாளைமீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்குமாக ஐந்து நாள். திரும்பிப் போய் ஏப்ரல் வரை படித்தேன். டோரீன் மறுபடி புளோரிடா போகவில்லை. அந்த வருஷத்து வெயில் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

மே மாதம் நான் குவைத் சேர்ந்தேன். ஜூனில் அப்பாவின் கம்பெனி கையைவிட்டுக் காண்ட்ராக்ட் போய்விட்டது. அப்பாவுக்கு இனி வேலை இல்லை என்று ஒரு பக்கக் கடிதம். அப்பாவின் இகாமா ரத்து என்றால் அம்மாவுடையதும் என்னுடையதும் அதோடு ரத்து. ஒரு கிழவி இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டி வந்து காப்பாற்றிக் கொடுத்ததை ஒரு குமாஸ்தா ஒரு கையெழுத்தில் முடித்துவிட்டான். ஒரு மாதம் கெடு. இருபத்தேழு வருஷத்துச் சாமானை ஆறு அட்டைப்பெட்டியில் அடைத்துக்கொண்டு போனோம். மிச்சம் இருந்த பாடங்களை நாகர்கோவிலில் உட்கார்ந்து ஆன்லைனில் முடித்தேன், கல்லூரி இரக்கப்பட்டு விட்டதால்.

டோரீனுக்கு இதையெல்லாம் எழுத வேண்டும் என்று இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டே இருந்தேன். எழுதியபோது கடிதம் திரும்பி வந்தது. அந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லையாம். இருக்கிறாரா இல்லையா என்று கேட்க எனக்கு அந்த ஊரில் வேறு ஆள் தெரியாது.

போன வருஷம் ஒரு சைட் வேலையாகக் குவைத் போனேன். ஆன்லைன் விசா. பிறந்த இடம் குவைத், வருகையின் நோக்கம் வணிகம். வேலை முடிந்த அன்று சாயங்காலம் டாக்ஸி பிடித்து ஃபஹாஹீல் போனேன். எங்கள் கட்டடம் இருந்த இடத்தில் மண்ணை நிரவிவிட்டு நாற்பது ஐம்பது கார் நிறுத்தியிருந்தார்கள். அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"நம்ம பில்டிங்க இடிச்சாச்சுப்பா."

"கீழ மலையாளிக்க கடை?"

"அதும் இல்ல."

"எதுத்தாப்புல டெய்லர்?"

"இல்லப்பா. ஒண்ணும் இல்ல."

"கடலு?"

"கடல் கெடக்கு."

அப்பா சிரித்தார். "அத எங்கலே கொண்டு போவானுவ. செரி, சும்மா வெயில்ல நிக்காத. வீட்டுக்குப் போ."

வாய்தவறிச் சொல்லிவிட்டார். இரண்டு பேருமே அதைத் திருத்தவில்லை. அந்த ஊரில் எனக்கு இருந்தது ஒரு ஓட்டல் ரூம், அதுவும் மறுநாள் பன்னிரண்டு மணி வரை.