சிங்காரம் பிள்ளை ஏற்றுக்கொண்ட தீட்டு

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஆற்றோரத்து ரப்பர் கிடங்கில் கட்டுகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். நம் மன்றத்து முத்தையா சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். வேலை நேரத்தில் அவர் என்னைத் தேடி வந்ததே கிடையாது. "சிங்காரம் பிள்ளை தவறிட்டாருப்பா. விடியக்காலம் நெஞ்சு வலின்னாராம், அவ்வளவுதான்" என்றார்.

துக்கச் செய்தி கேட்டவனுக்கு அழுகை வர வேண்டும். எனக்கு வரவில்லை. 'அப்பாடா, இனிமேல் அது யாருக்கும் தெரியப்போவதில்லை' என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நொடியே என்னை நினைத்து எனக்கே பயமாகிவிட்டது. இப்படியும் ஒருவன் நினைப்பானா? நினைத்தேன். அந்த 'அது' என்ன என்று சொல்வதற்காகத்தான் நம் மன்றத்தின் நினைவு மலரில் இடம் கேட்டு வாங்கினேன்.

சிங்காரம் பிள்ளை அவர்களை அறியாத புதிய உறுப்பினர்களுக்குச் சொல்கிறேன். அவர் நம் காஜா பேராங்கில் பிறந்து காஜா பேராங்கிலேயே வாழ்ந்த மலாக்கா செட்டிக் குடும்பத்தவர். வீட்டில் பேச்சு மலாய்தான். அம்மன் முன்னால் நின்றால் பாட்டு முழுவதையும் தமிழில் தப்பில்லாமல் சொல்வார். பாதிச் சொல்லுக்குப் பொருள் தெரியாது என்று அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார். எங்களோடு பேசும்போது தமிழும் மலாயும் கலந்து வரும். ஆற்றுமுகத்தில் சரக்கு ஏற்றும் தொங்கான் படகுகளுக்கு ஆள் பிரித்து அனுப்புவது அவர் வேலை. கடல் அவருக்கு வீட்டுக் கொல்லை மாதிரி.

எனக்கோ கடல் என்றாலே பயம். நீந்தத் தெரியாது. பின் ஏன் படகுக் குழுவில் சேர்ந்தேன் என்று கேட்பீர்கள். நண்பர்கள் சேர்ந்தார்கள், நானும் சேர்ந்தேன், அவ்வளவுதான் மூளை. சேர்ந்த முதல் வாரமே சிங்காரம் பிள்ளை என்னை உஜோங் பாசிர் கரைக்குக் கூட்டிப்போய் இடுப்பளவுத் தண்ணீரில் மிதக்கப் பழக்கினார். ஓர் அலை வந்தது. நான் அவர் கழுத்தைப் பிடித்த பிடியில் நகம் பதிந்து இரத்தம் கசிந்துவிட்டது. மறுநாள் மன்றத்தில் எல்லாரும் கேட்டார்கள். பூனை பிறாண்டிவிட்டது என்றார். அவர் வீட்டில் பூனையே கிடையாது.

நம் மன்றத்துப் படகைப் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒருவர் பின் ஒருவராக ஆறு பேர் உட்காரும் ஒடுக்கமான நீளப் படகு. தனியாக விட்டால் புரண்டுவிடும். அதனால் இடப்பக்கம் கையெட்டும் தூரத்தில் ஒரு மிதப்புக் கட்டையை, இரண்டு வளைகம்புகள் கொடுத்துக் கயிற்றால் இறுக்கியிருப்போம். அந்தக் கட்டைதான் எங்கள் உயிர். முன்முனையில் முத்தையா, ஐந்தாவது இடத்தில் நான், எனக்குப் பின்னால் கடைசியில் திசை பிடித்துக்கொண்டு சிங்காரம் பிள்ளை.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வருஷம், கொண்டாட்டங்களோடு ஒரு நெடுந்தூரப் படகுப் பந்தயமும் ஏற்பாடாகியிருந்தது. உஜோங் பாசிரில் புறப்பட்டு, புலாவ் பெசார் தீவைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். திருவிழாக்கள் முடிந்த பிறகுதான் பந்தயம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு நீரோட்டம் சரியில்லை என்று திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வைத்துவிட்டார்கள். அங்கேதான் நான் மாட்டினேன்.

என் மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. இந்தப் பிள்ளை நிலைத்தால் தீ மிதிக்கிறேன் என்று, மைத்துனர் வீட்டுப் பக்கம் புக்கிட் காதிலில் இருந்த சின்ன அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு, காப்புக் கட்டியிருந்தேன். வேலைக்குப் போகலாம், ஆனால் காப்பு அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, கடலில் கால் வைக்கவே கூடாது என்று பூசாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பந்தய நாளோ காப்பு நாட்களுக்கு நடுவில் விழுந்தது.

முத்தையாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் காஜா பேராங் கோயில் ஊர்வலத்தையே முன்னின்று நடத்துபவர், புரிந்துகொண்டிருப்பார். ஆனால் நான் பயந்தாங்கொள்ளி என்று மன்றம் முழுக்கப் பேர் எடுத்தவன். நெருக்கடியில் காப்பைக் காட்டினால், "பாருடா, பயத்துக்கு அம்மனைக் கூப்பிட்டுக்கிட்டான்" என்று சிரிப்பார்களே என்று நினைத்தேன். எனக்கு மாற்று ஆளும் இல்லை. சாமிக்குப் பயந்ததைவிட சிரிப்புக்கு அதிகம் பயந்தேன். மூட்டை தூக்கும் கை, மணிக்கட்டில் கட்டினால் அறுந்துவிடும் என்று பூசாரியிடம் ஒரு பொய்யைச் சொல்லி ஏற்கெனவே புஜத்தில்தான் கட்டியிருந்தேன். அதன் மேல் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு படகில் ஏறினேன்.

கரையில் முத்தையா தேங்காய் உடைத்து, கோயில் தீர்த்தத்தைப் படகின் தலையிலிருந்து வால்வரை தெளித்தார். ஒரு துளி என் சட்டையில், சரியாகக் காப்பு இருந்த இடத்தில் விழுந்தது. நெருப்புப் பட்டதுபோல் தோளைச் சுருக்கிக்கொண்டேன்.

போகும் வழி நன்றாகத்தான் இருந்தது. பதினைந்து துடுப்புக்கு ஒருமுறை சிங்காரம் பிள்ளை குரல் கொடுப்பார், நாங்கள் வலப்பக்கம் இடப்பக்கம் மாற்றுவோம். கடலைப் பார்க்காதே, முன்னால் இருப்பவன் முதுகைப் பார் என்று எனக்கு மட்டும் தனியாகச் சொல்லிவைத்திருந்தார். தீவைச் சுற்றும்போது மூன்றாவதாக இருந்தோம். திரும்பும்போது மேற்கே வானம் கறுத்தது. இங்கே எல்லாரும் சுமாத்ரா என்று சொல்லும் காற்று. அதற்கு முன்பே மற்றப் படகுகள் எங்களிடமிருந்து விலகிப் போய்விட்டன. மழைத் திரைக்குள் எவரும் தெரியவில்லை.

பின்பக்கத்து வளைகம்பின் கயிறு அறுந்த சத்தம் எனக்குக் கேட்டது. சின்னச் சத்தம்தான். உடனே மிதப்புக் கட்டை ஒருபக்கம் விலகியது, படகு சாய்ந்தது, தண்ணீர் உள்ளே வந்தது. சிங்காரம் பிள்ளை என்னைக் கம்பின் மேல் குப்புறப் படுக்கச் சொன்னார். என் உடம்பின் கனத்தால் கட்டை நிலையாக நிற்க, நான் இரண்டு கையாலும் அதைப் படகோடு சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். நான் விட்டால் படகு கவிழும். ஒவ்வோர் அலைக்கும் என் தலை முழுகி எழுந்தது. ஈரக்குலை நடுங்கியது என்பார்களே, அது வெறும் பேச்சில்லை. உண்மையாகவே நடுங்கும்.

முன்னால் இருந்து முத்தையாவின் குரல் காற்றில் வந்தது. எல்லாப் படகும் போகும்போது தீர்த்தம் தெளித்த படகு மட்டும் ஏன் உடைகிறது என்று அவர் மனம் அந்த வழியில் போயிருக்கிறது.

"எவன்டா தீட்டோட வந்தது? இப்பவே சொல்லு. அவனாலதான் ஆறு பேரும் சாகப் போறோம்."

என் சட்டைக் கை கம்பில் சிக்கித் தோள்வரை கிழிந்திருந்தது. மஞ்சள் கயிறு வெளியே தெரிந்தது. எல்லாரும் முன்னோக்கி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் இருந்த சிங்காரம் பிள்ளை ஒருவர்தான் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன்.

இப்போது எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் வலக்கையை நான் கட்டையிலிருந்து எடுத்துவிட்டேன். அம்மனுக்கு வேண்டியது நான்தான், நான் போய்விட்டால் இந்த ஐந்து பேரையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் விட்டுவிடுவாள் என்று தோன்றியது. நான் விட்டால் அந்த ஐந்து பேரும்தான் கவிழ்வார்கள் என்பது பயத்தில் உறைக்கவே இல்லை. இடக்கை விரல்களும் தளர ஆரம்பித்தன.

"முத்தையா, நான்தான்!" என்று சிங்காரம் பிள்ளை கத்தினார். "சிங்கப்பூர்ல என் பங்காளி மாத்தி, செத்துட்டான். சாவுக் கடிதம் வந்து நாலு நாள். நான் சொல்லல."

பிறகு குனிந்து என் காதருகில், பிள்ளையைத் தூங்க வைக்கும் குரலில் சொன்னார்: "பெகாங், தம்பி. பெகாங்." பிடி, பிடி என்று பொருள். பிடித்தேன். மழை ஓய்ந்து கரை தெரியும்வரை அந்த ஒரு சொல்லை அவர் நிறுத்தவில்லை.

உஜோங் பாசிரில் கடைசிப் படகாக ஏறினோம். ஆறு பேரும் உயிரோடு இருந்தோம். முத்தையா திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அடுத்த வாரம் காஜா பேராங்கில் அம்மன் ஊர்வலம். பல்லக்கின் முன்தண்டு சிங்காரம் பிள்ளை குடும்பத்துத் தோளுக்கு உரியது. அவர் தாத்தா சுமந்தார், அப்பா சுமந்தார். சாவை மறைத்துத் திருவிழாக் காலத்தில் தீர்த்தம் பட்ட படகில் ஏறியவன் தோளில் அம்மன் ஏறமாட்டாள் என்று முத்தையா தண்டை வேறு வீட்டுக்குக் கொடுத்தார். சிங்காரம் பிள்ளை தம் வாசலில் நின்று சூடம் ஏற்றிக் கும்பிட்டார். கூட்டத்தில் நின்று நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. ஒரு வருஷத் தண்டனை என்றார்கள். மறுவருஷம் பழக்கமாகிவிட்டது. பிறகு, அந்த வீட்டுத் தோளுக்கு ராசியில்லை என்றே பேச்சாகிவிட்டது.

எனக்குப் பெண் பிறந்தாள். நல்லபடியாகத்தான் பிறந்தாள். ஆனால் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் முறித்த காப்புக்கு அம்மன் என்னிடம் பாக்கியைக் கேட்கிறாள் என்று நடுங்கினேன். ஏழு வருஷம் அப்படி. உண்மையைச் சொன்னால் மன்றம் என் மேல் துப்பும், அதைவிட என் மனைவி என்னைப் பார்க்கும் பார்வை மாறும். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரே ஒரு முறை, ஆற்றுமுகத்தில் அவரைத் தனியாகப் பிடித்து, "ஏன் அண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். அவர் ஒரு தொங்கானுக்குக் கையசைத்துக்கொண்டே, "கயிறு பழசு தம்பி. எனக்குத் தெரியும், புதுசு போடல. அப்ப தப்பு என்னோடதுதானே?" என்றார். அந்தப் பதில் எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதற்குள் ஒளிந்துகொண்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் மனைவியைப் பார்க்கப் போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தரையைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா அழவில்லை. மலாயில் நிதானமாகப் பேசினார். பந்தயம் முடிந்த அன்றைக்கே அவர் வீட்டில் சொல்லிவிட்டாராம். தம்பி கையை விட்டுவிட்டான், திட்டினால் மொத்தமாக விட்டிருப்பான், அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன் என்றாராம். இதை யாரிடமும் சொல்லாதே, அவன் ஏற்கெனவே பயந்தவன் என்றும் சொன்னாராம்.

ஏழு வருஷம் அந்த அம்மாள் தெருவில் என்னைப் பார்த்தபோதெல்லாம், சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார்.

மலரில் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது" என்றார். "என் மகனுக்கு இருபது வயசு. அவன் இன்னும் பல்லக்கைத் தொட்டதில்லை."

அவர் மேல் விழுந்ததை மட்டும்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மகனின் தோள் என் நினைவுக்கே வரவில்லை.

முந்தாநாள் என் மனைவியிடம் சொன்னேன். அவள் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் என்னோடு பேசவில்லை. முத்தையா இதை அச்சில்தான் படிப்பார். படித்துவிட்டு என்ன செய்வாரோ தெரியாது. எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

சிங்காரம் பிள்ளை அண்ணே, சிங்கப்பூரில் உங்கள் பங்காளி எவரும் அப்போது சாகவில்லை. உங்கள் மேலும் உங்கள் மகன் மேலும் எந்தத் தீட்டும் இல்லை. நோன்பை முறித்துக்கொண்டு படகில் ஏறியவன் நான். பயந்தவன் என்று நீங்கள் என்னை மூடி வைத்தீர்கள். இன்றும் பயமாகத்தான் இருக்கிறது. போய் வாருங்கள் அண்ணே.

மன்றத்தில் எல்லாரும் சுருக்கமாக என்னை 'ராஜு' என்பார்கள். ராஜு என்று நம் ஊரில் நான்கு பேர் உண்டு. ஆகவே முழுப் பெயரையும் வீட்டுத் தெருவையும் கீழே போடும்படி அச்சகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

மாணிக்கம் மகன் கோவிந்தராஜு,
கோயிலுக்கு இரண்டாவது சந்து,
காஜா பேராங், மலாக்கா.