முள்ளுக்கம்பியில் மாட்டிய சேலை

இன்டர்ன் என்றால், எல்லா வேலையும் செய்ய வேண்டும், ஆனால் உட்காரக் கதிரை கேட்கக் கூடாது என்று அர்த்தம். கம்பஸ் முடிக்கும் முன் ஏதாவது அலுவலகத்தில் நீங்களும் தேத்தண்ணி ஊற்றியிருந்தால் இதை வாசிக்கத் தேவையில்லை, ஒரு பெருமூச்சு விட்டால் போதும். நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே கல்லடியில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் இன்டர்ன். எனக்குக் கிடைத்த வேலை, வாவிக்கரை ஊர் ஒன்றுக்காக ஒரு வீடியோ எடுப்பது.

வெளியூர்க்காரர் ஒருவர் விடுதி கட்டக் கரையோரக் காணி வாங்கி, ஊரார் வாவிக்குப் போகும் பாதையையும் சேர்த்து முள்ளுக்கம்பி அடித்துவிட்டார். அந்த ஊர் யோகக்காவின் புருஷன் விடியற்காலையில் தோணியில் கொண்டுவரும் மீனை ரோட்டுக்குச் சுமந்து வருவது யோகக்காதான். இப்போது அவர் வேலியைச் சுற்றி வருவதற்குள் மோட்டார் சைக்கிளில் மீன் வாங்க வரும் வியாபாரி போய்விடுகிறான். பிடித்த மீன் வீட்டிலேயே கெட்டுப்போகிறது. வீடியோவைப் பிரதேசக் கூட்டத்தில் காட்டி வேலியை எடுக்க வைப்பது எங்கள் திட்டம்.

கோயிலுக்கு உடுத்த சேலை

எங்கள் பக்கத்தில் கமராவுக்கு முன்னால் யாரும் சும்மா வந்து நிற்க மாட்டார்கள். யோகக்கா சித்தாண்டி முருகன் கோயில் திருவிழாவுக்கென்று வைத்திருந்த சேலையை உடுத்து, பவுடர் பூசி, பூவும் வைத்து, இடுப்பில் மீன்கூடையோடு வந்தார். "அக்கா, எப்பவும் வாற மாதிரி வந்திருக்கலாமே" என்றேன். "படம் புடிக்கிற நாளையில பழஞ்சீலையோட நிண்டா, புருஷன் இவள வடிவாப் பாக்கிறல்ல எண்டு ஊர் கதைக்காதா?" என்று கேட்டார்.

வேலியைச் சுற்றி எப்படிப் போகிறார் என்று நடந்து காட்டச் சொன்னேன். பத்தடி போவதற்குள் முந்தானை கம்பியில் மாட்டிக்கொண்டது. ஒரு கையில் கூடை, மறு கையால் சேலையை இழுக்கிறார், அது கிழிகிறது. ரோட்டில் வியாபாரியின் ஹோர்ன் கேட்கிறது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் கமராவும் சேர்ந்து ஆடியது. அவர் கத்தினார்: "சிரியாத புள்ள, வந்து கழட்டு! அவன் போயிருவான்!"

சேரின் கவலை

திட்ட அலுவலரை நாங்கள் சேர் என்போம். நல்ல மனுசன், ஆனால் பார்த்த எல்லாவற்றிலும் ஒரு குறை சொல்லாவிட்டால் அவருக்குப் பகல் சாப்பாடு இறங்காது. நான் எடுத்ததைப் பார்த்தார். சேலை கல்யாண வீட்டை ஞாபகப்படுத்துகிறதாம். முந்தானை மாட்டிய வீடியோத் துண்டை உடனே அழிக்கச் சொன்னார், அதில் என் சிரிப்பு வேறு கேட்கிறதாம். கமராவிலிருந்து அழித்தேன். ஹொஸ்டல் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று ஏற்கனவே போனில் போட்டு வைத்திருந்ததைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியில் பெருமூச்சோடு சொன்னார்: "தங்கச்சி, ஆக்கள் வடிவா இரிக்காங்க. கஷ்டம்தான் வடிவா வரல்ல."

வானத்திலிருந்து

செங்கலடியில் கல்யாண வீடுகளுக்கு ட்ரோன் விடும் ஒரு அண்ணனைப் பிடித்தோம். வாவியின் மேல் வெயில் ஏறும் நேரம், ஒற்றைத் தோணி, கண்டல் மரங்கள், பின்னால் வயலின். சேர் உருகிப்போனார். கீழே நின்று எடுத்ததையெல்லாம் வெட்டிவிட்டு ட்ரோன் காட்சிகளையே போடச் சொன்னார்.

வெட்டி, ஒட்டி, திரும்ப வெட்டி, கண் பூத்துப் போகும்வரை அந்த வீடியோவைப் பார்த்தேன். அதில் என்ன குறை என்று எனக்குப் படவேயில்லை. ட்ரோன் அண்ணன்தான் சந்தோசமாகச் சொன்னார்: "மாப்பிள பொம்புள மட்டும்தான் இல்ல தங்கச்சி, மத்தப்படி எல்லாம் இரிக்கி."

கூட்டம்

யோகக்கா பின்வரிசையில், கிழிசலைத் தைத்த அதே சேலையோடு இருந்தார். வீடியோ ஓடியது. முடிந்ததும் கைதட்டினார்கள். தலைமை தாங்கிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பாதையைக் காட்டும் இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேலே இருந்து எடுத்தால் முள்ளுக்கம்பி தெரியாது. வேலி அங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்ததால், நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம். திரையில் பாதை ரோட்டிலிருந்து தண்ணீர் வரை தடையில்லாமல் ஓடியது. அதிகாரி கேட்டார்: "பாதை துறந்துதானே கிடக்கு, இதில என்ன முறைப்பாடு?"

அழிக்காத துண்டு

சேர் என்னைப் பார்த்தார். நான் யோகக்காவைப் பார்த்தேன். அவர் தலை குனிந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. எழுந்து போய்ப் போனை அதிகாரியின் கையில் கொடுத்தேன். கம்பி, கூடை, கிழியும் சேலை, ஹோர்ன் சத்தம், நடுவே என் சிரிப்பு. பக்கத்திலிருந்தவர்கள் எட்டிப் பார்த்து முதலில் சிரித்தார்கள். ஹோர்ன் சத்தம் தூரத்தில் போய் மறைந்தபோது அவர்களின் சிரிப்பும் நின்றது. அதிகாரி போனைத் திருப்பித் தந்தபடி கேட்டார்: "ஆரு இந்தச் சிரிக்கிற புள்ள?"

பாதை

வருகிறோம் என்று சொல்லிச் சொல்லி வராமல் இருந்து, ஒருவழியாக அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். பாதையை மறித்த கம்பி மட்டும் அகற்றப்பட்டது. பிறகு நான் அங்கே போன ஒரு காலையில் யோகக்கா பழஞ்சீலையோடு அந்த வழியால் வேகமாக வந்து, வியாபாரியிடம் கூடையை இறக்கினார். மீனின் செவுள் இன்னும் சிவப்பாக இருந்தது. அத்தனை நாள் அலுப்பும் எனக்கு அந்த நிமிசம் இறங்கியது. அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாதை வந்திட்டுது புள்ள, நல்லா இரிப்பாய். மறுகா, அந்தச் சீல கிழியிற இடத்த மட்டும் அழிச்சிரு, என்ன?"

இன்டர்ன்ஷிப்பில் நான் கற்றது இவ்வளவுதான்: வேலைக்கு உதவுகிற துண்டு எதுவோ, அதைத்தான் எல்லோரும் அழிக்கச் சொல்வார்கள்.